தருதலும் சுட்டுதலும்: உரைமேற்கோள் மரபும் இணையவழித் தமிழ்ப் பகிர்வும்

முன்னுரை

தமிழ் நூல்களின் வரலாறு அவற்றை இயற்றியோரின் வரலாறாக மட்டும் அமைவதில்லை. அவற்றைப் படித்தும் எடுத்தாண்டும் படியெடுத்தும் பிறர்க்கு வழங்கியும் வந்தோரின் வரலாறாகவும் அமைகிறது. தாம் அறிந்த ஒரு நூற்பகுதியைப் பிறர்க்கு அறிவிக்க விரும்பும் ஒருவர்க்கு வழிகள் இரண்டு உள்ளன. வேண்டிய பகுதியை அவ்விடத்திலேயே முழுமையாக எடுத்து வைப்பது ஒன்று. அப்பகுதி இருக்கும் இடத்தைக் கூறி, அங்குச் சென்று காணுமாறு பணிப்பது மற்றொன்று. முன்னதைத் தருதல் என்றும் பின்னதைச் சுட்டுதல் என்றும் இக்கட்டுரை வழங்குகிறது.

இணையத்தில் தமிழறிவைப் பகிர்ந்துகொள்ளும் குழுக்களிடையே இவ்விரு முறைகள் குறித்த கருத்து வேறுபாடு நெடுநாளாக உண்டு. ஒருவர் எழுதிய ஆய்வையோ திரட்டிய பாடத்தையோ அனைவரும் கூடும் பொதுக்களத்திலேயே முழுமையாக வைக்க வேண்டும் என்பது ஒரு சாரார் கொள்கை. தம் தனித்தளத்தில் அதனை வைத்துக்கொண்டு, பொதுக்களத்தில் அதற்கான இணைப்பை மட்டும் தந்தால் போதும் என்பது மறுசாரார் கொள்கை. இணைப்பு மட்டும் தருவோர் பொதுக்களத்தைத் தம் தளத்திற்கு ஆள்சேர்க்கும் வாயிலாகக் கொள்கின்றனர் என்பது முன்னவர் குற்றச்சாட்டு. முழுப்பகுதியையும் எடுத்து வைப்போர் ஆக்கியோன் உரிமையை அழிக்கின்றனர் என்பது பின்னவர் குற்றச்சாட்டு.

இவ்விவாதம் புதிய கருவியினால் எழுந்த புதிய சிக்கலாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. தமிழ் உரையாசிரியர்கள் பல நூற்றாண்டுகளாகத் தந்தும் சுட்டியும் வந்தனர் என்பதும், அவ்விரண்டின் பயனும் கேடும் இன்று கண்கூடாகத் தெரிகின்றன என்பதும் அவ்விவாதத்தில் இடம்பெறுவதில்லை. உரைமரபின் பட்டறிவை அளவுகோலாகக் கொண்டு இணையவழிப் பகிர்வின் இவ்விரு கொள்கைகளையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுட்டியதால் இழந்தவை

உரையாசிரியர்கள் பிற நூல்களைச் சுட்டும்போது அந்நூல்கள் மாணாக்கர்க்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கையிலேயே சுட்டினர். இலக்கணத்திற்குரிய எடுத்துக்காட்டை வந்த இடத்திற் கண்டுகொள்க என்றும், ஈண்டு விரிப்பின் பெருகும் என்றும் கூறி மேற்செல்லுதல் உரைகளில் இயல்பாகக் காணப்படும் நடையாகும். அக்கால மாணாக்கன் ஒரு செய்யுளின் முதற்சொற்களைக் கேட்ட அளவிலேயே முழுச்செய்யுளையும் நினைவிலிருந்து ஓதவல்லவனாக இருந்தான். ஆகவே முதற்குறிப்பு மட்டும் தருவது சுருக்கத்திற்குரிய உத்தியாக இருந்ததேயன்றிக் குறையாகக் கருதப்படவில்லை.

அச்சுட்டுகளின் பிற்கால நிலை வேறு. சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் தம் உரைப்பாயிரத்தில் இசை, நாடகம் பற்றிய நூல்கள் பலவற்றைப் பெயர் சுட்டிக் கூறுகிறார். அவற்றுள் சில தம் காலத்திலேயே இறந்துபட்டன என்பதையும் குறிக்கிறார். எஞ்சியவற்றுள் இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் ஆகிய ஐந்தையும் துணையாகக் கொண்டு உரை செய்தார். இவ்வைந்தனுள் பஞ்சமரபு மட்டும் 1970களில் அச்சேறியது. ஏனையவற்றுள் அவர் எடுத்துத் தந்த பகுதிகளே இன்றைய ஆய்வாளர்க்குக் கிட்டுகின்றன. அவர் பெயரளவில் சுட்டி நிறுத்திய இடங்களில் பெயர் மட்டுமே எஞ்சியுள்ளது.

குண்டலகேசியின் நிலையும் நோக்கத்தக்கது. அதனை மறுக்க எழுந்த நீலகேசிக்குச் சமயதிவாகர வாமன முனிவர் எழுதிய உரையில் குண்டலகேசிச் செய்யுள்கள் பல முதற்குறிப்பு அளவிலேயே சுட்டப்பட்டுள்ளன. குண்டலகேசி வழக்கில் இருந்தவரை அக்குறிப்புகள் பயனுடையனவாக இருந்திருக்கும். மூலநூல் மறைந்த பின்னர் அவை திறக்கும் கதவில்லாத சாவிகளாயின. மறுப்புரைக்கும் ஆசிரியன் தான் மறுக்கும் நூலை முழுமையாக எடுத்துத் தரும் கடப்பாடு உடையவன் அல்லன் என்பது உண்மை. ஆயினும், சில சொற்களோடு நிறுத்தியதன் விளைவு, ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றெனப் போற்றப்பட்ட நூலின் பெரும்பகுதியை மீட்க இயலாமற் போனதாகும்.

தந்ததால் எஞ்சியவை

இதற்கு மறுதலையாக, முழுச்செய்யுளையும் எடுத்துத் தந்த இடங்களில் மூலநூல் அழிந்த பின்னும் அதன் பகுதிகள் உயிர்பெற்றுள்ளன. இதற்குத் தலைசிறந்த சான்று புறத்திரட்டு ஆகும். அறம், பொருள் முதலிய பொருட்பாகுபாட்டில் பழைய நூல்களிலிருந்து செய்யுள்களைத் தொகுத்த அத்தொகுப்பாளர், செய்யுளை முழுமையாகத் தந்ததோடு அது எந்நூலைச் சார்ந்தது என்பதையும் குறித்து வைத்தார். முத்தொள்ளாயிரத்தில் இன்று கிடைக்கும் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட வெண்பாக்களும், வளையாபதிச் செய்யுள்களுள் மிகப் பெரும்பாலனவும், தகடூர் யாத்திரை, ஆசிரியமாலை ஆகியவற்றின் பாடல்கள் பலவும் இத்தொகுப்பின் வழியே எஞ்சின. எஸ். வையாபுரிப்பிள்ளையின் பதிப்பாகச் சென்னைப் பல்கலைக்கழகம் இதனை வெளியிட்ட பின்னர், மறைந்த நூல்களைப் பற்றிய ஆய்வு உறுதியான அடித்தளம் பெற்றது.

யாப்பருங்கல விருத்தியுரையும் இவ்வகையில் ஒரு கருவூலமாகும். அவிநயம், காக்கைபாடினியம் முதலிய இலக்கண நூல்களின் நூற்பாக்கள் அவ்வுரையில் எடுத்தாளப்பட்டமையாலேயே அந்நூல்களின் கொள்கைகளை ஓரளவேனும் அறிய முடிகிறது. மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் வெளியிட்ட ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்னும் நூல், இத்தகைய உரைமேற்கோள்களையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டது. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்காத நிலையில், அவற்றைச் சார்ந்தன எனக் கருதப்படும் சில பாடல்களும் அடிகளும் தொல்காப்பிய உரைகளிலிருந்தும் புறத்திரட்டிலிருந்தும் கண்டெடுக்கப்பட்டன என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

உரையாசிரியர்கள் ஒரு நூலைக் காப்பாற்றும் எண்ணத்தோடு மேற்கோள் தந்தவர்கள் அல்லர். தாம் கூறவந்த இலக்கணத்தை விளக்கவே தந்தனர். ஆனால் மூலம் எத்தகைய காவலில் இருப்பினும் அழியக்கூடும். அதன் பகுதிகள் பல கைகளில் பரவியிருப்பின் அனைத்தும் ஒருங்கே அழிவதில்லை. பகிர்தலின் பயன் பகிர்வோரின் நோக்கத்தைக் கடந்து நிற்கிறது என்பதற்கு இவை சான்றாகும்.

தந்தும் பெயர் இழந்தவை

மேற்கண்ட சான்றுகளைக் கொண்டு, தருதலே போதும் எனக் கருதிவிடலாகாது. முழுமையாகத் தந்தும், யாருடையது எனச் சுட்டாமையால் நேர்ந்த இழப்பும் சிறிதன்று. இறையனார் களவியல் உரையில் பாண்டிய மன்னனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட முந்நூற்றுக்கும் மேற்பட்ட கோவைப் பாடல்கள் எடுத்துக்காட்டுகளாக வந்துள்ளன. இவற்றைத் தொகுத்தே பாண்டிக்கோவை என்னும் நூல் மீட்டெடுக்கப்பட்டது. நூலின் பெரும்பகுதி கிடைத்தும் அதனை இயற்றிய புலவர் பெயர் கிடைக்கவில்லை. களவியல் உரைகாரர் அப்பெயரை ஓரிடத்திலேனும் சுட்டியிருப்பின், தமிழில் கோவை இலக்கியத்தின் தோற்றத்தை ஆராய்வோர்க்கு ஓர் உறுதியான தொடக்கம் அமைந்திருக்கும்.

சங்கத் தொகை நூல்களிலும் இந்நிலை உண்டு. செம்புலப் பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் முதலியோர் இயற்பெயர் தெரியாமையால் தம் பாட்டில் வந்த தொடராலேயே பெயர் பெற்றவர்கள். குறுந்தொகையைத் தொகுத்தோர் பாடலைக் காத்தனர். பாடியோரின் பெயரைக் காக்க அவர்களால் இயலவில்லை. அழகிய தொடர் ஒன்று பெயராக அமைந்தது இலக்கியச் சுவைக்குரிய செய்தியாகலாம். வரலாற்று நோக்கில் அது ஓர் ஆசிரியரின் மறைவேயாகும்.

சுட்டாமல் தரும் மேற்கோள் பதிப்பாசிரியரை எத்துணை இடர்ப்படுத்தும் என்பதை உ.வே. சாமிநாதையரின் பதிப்புப் பணி காட்டுகிறது. 1887இல் வெளிவந்த சீவகசிந்தாமணிப் பதிப்பிற்காக நச்சினார்க்கினியர் உரையை ஆராய்ந்தபோது, நூற்பெயர் கூறாது பிறரும் இவ்வாறு கூறினர் என்ற பொதுக்குறிப்போடு நிற்கும் மேற்கோள்கள் அவரைப் பெரிதும் அலைக்கழித்தன. அவற்றின் இருப்பிடத்தைத் தேடிய முயற்சியே அவரைப் பத்துப்பாட்டு முதலிய பழைய நூல்களின் ஏடுகளிடம் கொண்டு சேர்த்தது. அத்தேடல் நற்பயன் விளைத்தது மூல ஏடுகள் எங்கோ எஞ்சியிருந்தமையால் ஆகும். அவை அழிந்திருப்பின், அம்மேற்கோள்கள் தாய்வீடு அறியாத வரிகளாகவே நின்றிருக்கும். தாம் பட்ட இடரைப் பின்வருவோர் படலாகாது என்றே அவர் தம் பதிப்புகளில் மேற்கோள் நூல்களின் பெயரையும் இடத்தையும் அடிக்குறிப்புகளிலும் அகராதிகளிலும் விரிவாக அமைத்தார் எனலாம்.

காவலும் கைமாற்றமும்

தனித்தளம் வேண்டுவோர் கூறும் வலுவான காரணம் ஒன்று உண்டு. ஓர் ஆக்கம் அதன் ஆசிரியரின் காவலில் இருந்தால் பாடம் தூய்மையாக இருக்கும். பிழை கண்டவிடத்துத் திருத்த இயலும். கைமாறுந்தோறும் பிழை பெருகும் என்பர். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. ஏடெழுதுவோரின் பிழைகளும், நினைவிலிருந்து எடுத்தாண்ட உரையாசிரியர்களின் சொல்மாற்றங்களும் பாடவேறுபாடுகளாகப் பெருகியதை மூலபாட ஆய்வாளர் அறிவர். ஒரே செய்யுள் இரண்டு உரைகளில் இரண்டு வடிவில் வருதல் அரிதன்று.

ஆயினும் அவ்வேறுபாடுகளே மூலபாட ஆய்விற்குரிய கருவியாகவும் ஆயின. ஒரே ஓர் ஏடு மட்டும் கிடைத்த நூலில் பிழையான பாடத்தைப் பிழையென அறியவும் வழியில்லை. பல படிகள் இருக்கும்போதுதான் ஒன்றனை மற்றொன்றால் ஒப்பிட்டுத் திருத்த இயலும். ஆகவே, பகிர்தல் பிழையைப் பெருக்கும் என்பது உண்மையாயின், பிழையைக் கண்டறியும் வாய்ப்பைப் பெருக்குவதும் அதுவே என்பது அதனினும் சிறந்த உண்மையாகும்.

காவல் என்பது காப்போரின் ஆயுளையும் அமைப்பின் ஆயுளையும் பொறுத்தது. சிவஞான முனிவரின் சிவஞான மாபாடியம் திருவாவடுதுறை ஆதீனத்தின் காப்பில் நெடுங்காலம் இருந்தது. 1785இல் மறைந்த அவருடைய அப்பேருரை 20ஆம் நூற்றாண்டில்தான் முழுமையாக அச்சேறியது. அது அழியாமைக்குக் காரணம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த நிறுவனத்தின் காவல் ஆகும். அதே காலத்தில் தனியார் இல்லங்களில் இருந்த ஏடுகள் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்டன. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகள் வேள்வித்தீயில் இடப்பட்டதை உ.வே. சாமிநாதையர் வருத்தத்தோடு பதிவு செய்துள்ளார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அங்கு மட்டுமே இருந்தவற்றைக் குறிப்பிடும் பழைய அடிக்குறிப்புகள் இன்று எவ்விடத்தையும் சுட்டவில்லை.

தனிமனிதர் திரட்டு பொதுவுடைமையாகி நிலைத்தமைக்கும் சான்று உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளில் திரட்டிய நூல்களும் இதழ்களும், அவர் 1992இல் மறைந்த பின்னர்ச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காக்கப்பட்டு, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றன. நுண்படமாக்கப்பட்டமையால் அவற்றின் படிகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கும் நிலையும் ஏற்பட்டது. தனியார் திரட்டுவதில் குறையொன்றும் இல்லை. தனியாரோடு அது முடிந்துவிடாமல் இருத்தலே வேண்டப்படுவதாகும்.

இணையவெளியின் பட்டறிவு

இணையத்தில் தமிழ் நுழைந்த தொடக்க ஆண்டுகள் இவ்வரலாற்றைக் குறுகிய காலத்தில் மீண்டும் நிகழ்த்திக் காட்டின. 1990களின் பிற்பகுதியில் தமிழார்வலர் பலர் தம் சொந்தத் தளங்களில் இலக்கியப் பாடங்களையும் கட்டுரைகளையும் வைத்தனர். ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துருவைப் பயன்படுத்தினர். அவ்வெழுத்துருவைக் கணினியில் நிறுவாதவர்க்கு அப்பக்கம் பொருளற்ற குறிகளின் குவியலாகவே தோன்றியது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் ஆகிய குறியீட்டு முறைகளை ஏற்றது. ஆர்வலர் குழுவினர் டிஸ்கி முறையை வளர்த்தனர். பின்னர் ஒருங்குறி பரவியது. 2010இல் தமிழக அரசும் அதனை ஏற்றது. இம்மாற்றங்கள் ஒவ்வொன்றின்போதும் பழைய பாடங்களைப் புதிய முறைக்கு மாற்றும் பணி தேவைப்பட்டது. உரியவர் கவனம் செலுத்திய தளங்கள் மாறின. உரியவர் விலகிய தளங்கள் படிக்கவியலாத நிலையில் நின்றுபோயின.

தளத்திற்கு இடம் தந்த நிறுவனமே மறையும் நிலையும் நேர்ந்தது. 1994இல் தோன்றி, தனிமனிதர் இலவசமாகத் தளம் அமைக்க இடமளித்த ஜியோசிட்டீஸ், 1999இல் யாகூ நிறுவனத்தின் கைக்கு மாறி, 2009 அக்டோபரில் மூடப்பட்டது. தன்னார்வக் காப்பாளர்கள் படியெடுத்தவை நீங்கலாக, ஏனைய பக்கங்கள் மறைந்தன. அத்தளங்களைச் சுட்டிய இணைப்புகள் பயனற்றுப்போயின.

சுட்டின் நிலையாமை அளந்தும் காணப்பட்டுள்ளது. ஹார்வர்டு சட்ட இதழ் உள்ளிட்ட இதழ்களில் தரப்பட்ட இணைய முகவரிகளுள் 70 விழுக்காட்டிற்கு மேற்பட்டவையும், அமெரிக்க உச்சநீதிமன்றத் தீர்ப்புகளில் தரப்பட்டவற்றுள் பாதியளவும், முதலில் சுட்டிய செய்தியைக் காட்டவில்லை என்று 2014இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு கண்டது. 2013இல் இருந்த இணையப் பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் தெரிவித்தது. ஓலைச்சுவடி சில நூற்றாண்டுகள் வரை நிலைக்கக்கூடியது. பத்தாண்டிற்குள் மூன்றில் ஒன்றுக்கு மேல் மறையும் ஊடகத்தில் சுட்டை மட்டும் நம்புதல் உரையாசிரியர் காலத்தினும் இன்று இடர் மிகுந்தது என்பது இதனால் விளங்கும்.

இதற்கு மாறான வழியை மதுரைத் திட்டத்தில் காணலாம். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் தலைமையில், 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய இத்தன்னார்வ முயற்சி, தமிழ் நூல்களைத் தட்டெழுதி எவரும் இலவசமாகப் பெறுமாறு வழங்கியது. உலகின் பல பகுதிகளில் இருந்த தமிழர் தனித்தனியே உழைத்ததனைத் தத்தம் தளத்தில் வைத்துக்கொள்ளாமல் ஓரிடத்தில் சேர்த்தனர். எழுத்துருக்களும் குறியீட்டு முறைகளும் மாறியபோதும் அப்பாடங்களைப் புதிய முறைக்குக் கொண்டுசெல்ல ஒரு பொதுப்பொறுப்பு இருந்தது.

அத்திட்டத்தின் கோப்புகள் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் தட்டெழுதியோர், மெய்ப்பு நோக்கியோர் முதலியோரின் பெயர்கள் இடம்பெறுகின்றன. அம்முகப்புப் பகுதியை நீக்காமல் கோப்பினை எவர்க்கும் வழங்கலாம் என்ற வேண்டுகோளும் உடன் அமைகிறது. பாடம் முழுமையாகத் தரப்படுகிறது. அது யார் உழைப்பு என்ற சுட்டும் பாடத்தோடு சேர்ந்தே பயணம் செய்கிறது. செய்யுளைத் தந்து அதன் நூற்பெயரையும் குறித்த புறத்திரட்டின் முறைக்கு இது நெருங்கியது. அம்முகப்பை வெட்டிவிட்டுப் பாடத்தை மட்டும் தம் தளத்தில் ஏற்றியோர், எப்பதிப்பைத் தழுவியது என்று அறியவியலாத பாடங்களைப் பெருக்கினர். களவியல் உரையில் புலவர் பெயர் மறைந்ததற்கும் இதற்கும் வேறுபாடு காலத்தளவிலேயே உள்ளது.

உரிமையும் பொதுமையும்

பழைய நூல்களைப் பற்றிய இக்கருத்து இன்றைய எழுத்தாளர்க்கும் அப்படியே பொருந்துமா என்ற வினா எழுதல் இயல்பு. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஆசிரியரின் வாழ்நாளிலும் அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் இலக்கிய ஆக்கத்திற்கு உரிமை உண்டு. ஆய்வு, திறனாய்வு முதலியவற்றிற்காக நேர்மையான முறையில் பகுதிகளை எடுத்தாளச் சட்டம் இடமளிக்கிறது; முழு ஆக்கத்தையும் உரியவர் இசைவின்றி எடுத்து வைத்தலை அது ஏற்பதில்லை. ஆகவே, பிறர் ஆக்கத்தைப் பொறுத்தவரை, வேண்டிய பகுதியைத் தந்து ஏனையவற்றிற்கு மூலத்தைச் சுட்டுதலே நெறியாகும். இவ்விடத்தில் தனித்தளம் வேண்டுவோரின் வாதம் வெல்கிறது.

தம் சொந்த ஆக்கத்தைப் பொறுத்தவரை நிலைமை வேறு. இங்குத் தடையாக நிற்பது சட்டமன்று, விருப்பமே. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்று, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியதும், அதன்பின் தமிழக அரசு பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி வருவதும், பொதுமையினால் ஆசிரியரின் பெயர் மங்குவதில்லை என்பதைக் காட்டுகின்றன. நாட்டுடைமை நூல்களைப் பலரும் பதிப்பித்தனர். தமிழ் இணையக் கல்விக்கழகம் அவற்றுள் பலவற்றை இணையத்தில் தந்துள்ளது. ஆசிரியர் பெயர் மறைவது பகிர்வினால் அன்று. பெயரின்றிப் பகிர்வதனால் ஆகும்.

இவ்வினா தமிழகத்திற்கு வெளியே தமிழ் பயில்வோர்க்குக் கூடுதல் இன்றியமையாமை உடையது. சென்னையிலும் மதுரையிலும் தஞ்சாவூரிலும் உள்ள நூலகங்களை எளிதில் அணுக இயலாத தில்லி, வாரணாசி முதலிய இடங்களின் மாணவர்க்கு, ஓர் அரிய நூலின் பெயரும் பக்க எண்ணும் மட்டும் கொண்ட அடிக்குறிப்பு ஒரு தொலைதூர வழிகாட்டிப் பலகையே. வேண்டிய பகுதி கட்டுரையிலேயே தரப்பட்டிருப்பின் அம்மாணவரும் ஆய்வாளரின் முடிவைச் சரிபார்க்க இயலும். சான்றைக் காட்டாது முடிவை மட்டும் ஏற்கச் சொல்லும் ஆய்வு, தொலைவில் உள்ளோரை நம்பிக்கையாளராக்குகிறதேயன்றி ஆய்வாளராக்குவதில்லை.

மதிப்பீடு

மேற்கண்ட சான்றுகளிலிருந்து இருசாரார் கொள்கையின் குறையும் நிறையும் தெளிவாகின்றன. இணைப்பு மட்டும் தருவோர் தம் தளத்தின் ஆயுளைத் தம் ஆக்கத்தின் ஆயுளாக்கிவிடுகின்றனர். அவர்தம் நோக்கம் தற்பெருமையா பிறிதா என்ற ஆராய்ச்சி பயனற்றது. அடியார்க்கு நல்லாரிடமோ வாமன முனிவரிடமோ தற்பெருமை இல்லை. எனினும் அவர்கள் சுட்டியவை மறைந்தன. குறை மனத்திலன்று, முறையில் உள்ளது.

முழுப்பகுதியையும் எடுத்து வைத்து மூலத்தைச் சுட்டாதோர், ஆக்கத்தைக் காத்து அதன் வரலாற்றை அழிக்கின்றனர். எப்பதிப்பு, யார் தட்டெழுதியது, எப்போது திருத்தப்பட்டது என்ற செய்திகள் இல்லாத பாடம் பொதுவாசிப்பிற்குப் பயன்படலாம், ஆய்விற்குச் சான்றாகாது. இத்தகைய பாடங்களை மூலமாகக் கொண்டு சொல்லடைவும் நடையியல் முடிவும் காண்போர் மணல்மேல் சுவர் எழுப்புகின்றனர்.

ஆகவே, தருதல் உடலைக் காக்கிறது. சுட்டுதல் குடிப்பெயரைக் காக்கிறது. பொதுக்களங்களிலும் ஆய்விதழ்களிலும் பின்பற்றத்தக்க நெறிகளை இதனடிப்படையில் வகுக்கலாம். தம் ஆக்கத்தைப் பகிர்வோர் முழுப்பாடத்தையும் பொதுக்களத்தில் தந்து, திருத்திய வடிவத்திற்குத் தம் தளத்தைச் சுட்டலாம். பிறர் ஆக்கத்தைப் பகிர்வோர் வாதத்திற்கு வேண்டிய அளவு பகுதியைத் தந்து, ஆசிரியர், பதிப்பு, ஆண்டு ஆகியவற்றைத் தவறாது குறிக்க வேண்டும். இணைய முகவரியைச் சான்றாகக் காட்டுவோர் அதில் கண்ட செய்தியைத் தம் கட்டுரையிலேயே எடுத்துரைப்பதோடு, பார்த்த நாளையும் குறித்தல் வேண்டும். தனித்தளம் உடையோர் அதன் படியொன்று நிறுவனக் காப்பகம் ஒன்றிலேனும் இருக்குமாறு செய்தல் நலம்.

முடிவுரை

உரையாசிரியர்கள் எதிர்காலத்தை எண்ணி மேற்கோள் தரவில்லை. தம் கண்முன் அமர்ந்திருந்த மாணாக்கனையே எண்ணினர். அவர்கள் தந்தவை எஞ்சியதும் சுட்டியவை மறைந்ததும் பெரிதும் தற்செயலாக நேர்ந்தவை. இன்று இணையத்தில் எழுதுவோர்க்கு அத்தற்செயலை நம்பியிருக்க வேண்டிய தேவையில்லை. எது அழியும், எது எஞ்சும் என்பதற்குரிய பாடம் களவியல் உரையிலும் புறத்திரட்டிலும் நீலகேசி உரையிலும் எழுதப்பட்டுள்ளது. தமிழ்த்துறைகள் வெளியிடும் ஆய்வேடுகளிலும் இதழ்களிலும் வெற்று இணைய முகவரிகள் பெருகிவரும் சூழலில், சான்றினைத் தந்தும் அதன் மூலத்தைச் சுட்டியும் எழுதும் முறையை மாணவர்க்குப் பயிற்றுதல் துறைகளின் உடனடிக் கடமையாகும். புறத்திரட்டின் பெயரறியாத் தொகுப்பாளர் ஒவ்வொரு செய்யுளின் கீழும் எழுதிய ஒரு சொல்லளவுக் குறிப்பு, அக்கடமையின் அளவு எத்துணைச் சிறியது என்பதையும் பயன் எத்துணைப் பெரியது என்பதையும் ஒருங்கே உணர்த்துகிறது.